ஐந்து பேர் சேர்ந்தால் கிளம்பும் குப்பி

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோழிக்கூண்டு மாதிரி ஓர் அறை, கழுத்தில் விசில், காதில் பேனா. துறையூர் பஸ்ஸும் முசிறி பஸ்ஸும் என் விசிலுக்குக் கட்டுப்பட்டுத்தான் கிளம்புகின்றன என்று கடைசி நாள்வரை நம்பிக்கொண்டிருந்தேன். டிரைவர் டீ குடித்து முடித்தால்தான் எந்த பஸ்ஸும் கிளம்பும் என்பது ஊருக்கே தெரியும். என்னிடம்தான் யாரும் சொல்லவில்லை.

அப்பேர்ப்பட்ட நேர நிபுணன், கட்டிய மனைவிக்கு ஒரு தடுப்பூசியை நேரத்தில் போட்டுவைக்கத் தெரியாமல் ஒரு மார்கழி பூராவும் முழித்துக்கொண்டு நின்றேன்.

அவளுக்கு முடக்குவாதம். வயதானால் வருகிற மூட்டுவலி இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி வேறு வேலை இல்லாமல் சொந்த மூட்டையே கடித்துத் தின்கிற வியாதி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ட்ரிப் ஏற்றுவார்கள். ட்ரிப் ஏறினால் அந்த எதிர்ப்புச் சக்தி குறட்டைவிட ஆரம்பிக்கும். விரல்கள் மடங்கும், நிமிரும், காபி ஆற்றும், என்னைப் பார்த்து ஆட்டவும் செய்யும். ஆனால் வாட்ச்மேன் தூங்குகிற வீட்டுக்குள் கொரோனா நுழைந்தால் என்ன ஆவது? அதனால்தான் ஊரே மாஸ்க்கைக் கழற்றிக் கொடியில் காயப்போட்ட பிறகும் எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் கொரோனா வருஷம் முடியவே இல்லை. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்குப் பின்னால் முதல் மாடியில் இரண்டு அறை வீடு. ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர அவள் வாசல்படி தாண்டவில்லை. உலகம் என்பது பால்கனிக் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அவளுக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. கத்தரிக்காயைத் தன் கையால் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் வாங்கி வருகிற கத்தரிக்காய்க்குள் ஒரு குடும்பமே குடியிருக்கும். "எப்படிங்க, மார்க்கெட்ல இருக்கற அத்தனை புழுவும் உங்களைத்தான் தேடிவருது?" என்பாள். ஒத்த மனசுக்காரர்கள், நான் என்ன செய்வேன்?

அந்த மார்கழி தொடக்கத்தில் கொரோனாவில் புது ரகம் ஒன்று கிளம்பியிருப்பதாக டிவியில் சொன்னார்கள். ட்ரிப் ஏற்ற வேண்டிய நாளும் வந்துவிட்டது. டாக்டர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ட்ரிப் ஏத்தினப்புறம் தடுப்பூசி போட்டா உடம்பு அதைக் கண்டுக்காதும்மா. முன்னாடியே போடணும். போட்டு மூணு நாலு வாரம் விடணும். இப்ப இருக்கற ரகத்துக்குன்னு மாத்தின ஊசி வந்திருக்கு, அது கிடைச்சா நல்லது. ஆனா ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாது. கை தாங்காது."

படி இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஊசி கிடைக்கும்வரை ட்ரிப் இல்லை. ட்ரிப் இல்லாதவரை வலி. வலி பொறுக்காமல் ட்ரிப்பை ஏற்றிக்கொண்டால் ஊசி வீண், இன்னும் ஆறு மாதம் பால்கனிக் கம்பி. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. எலிப்பொறியிலாவது ஒரு துண்டு வடை வைப்பார்கள்.

ஊசியைத் தேடிக் கிளம்பினேன். ஒரு காலத்தில் பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், தெருமுனை என்று விரட்டி விரட்டிப் போட்ட ஊசி. இப்போது மருந்துக் கடையில் கேட்டால், "இன்னுமா சார்?" என்றார்கள். என்றைக்கோ நின்றுபோன ரூட்டுக்கு டிக்கெட் கேட்கிறவனை நான் கூண்டுக்குள்ளிருந்து எப்படிப் பார்த்திருப்பேனோ, அதே பார்வை. எங்கள் மகள் இருப்பது கனடாவில். அவள் போனில், "ஆப்பிள் வாங்கப் போன கடையிலயே போட்டுவிட்டாங்கப்பா" என்றாள். நான் ஆப்பிள் கடையிலும் கேட்டுப்பார்த்தேன். கிலோ என்ன விலை என்று மட்டும் சொன்னார்கள்.

கடைசியில் தில்லை நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தேன். ஊசி போடும் அறையில் இருந்த சிஸ்டர், "இருக்கு சார்" என்றதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சொல்லி முடிக்கவில்லை.

"ஒரே ஒரு குப்பி இருக்கு. அஞ்சு பேருக்கான மருந்து. திறந்தா சில மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சாகணும். ஒருத்தருக்காகத் திறக்க மாட்டோம். அஞ்சு பேரைச் சேத்துக்கிட்டு வாங்க. பொங்கலுக்கு முன்னாடி வந்துடுங்க, அதோட தேதி முடியுது."

"அஞ்சு பேர் காசையும் நானே கட்டிடறேன் சிஸ்டர். நீங்க ஒண்ணைப் போட்டுட்டு மிச்சத்தைக் கொட்டிடுங்க."

"காசு இல்ல சார் பிரச்சினை. அஞ்சு பேரோட பேரும் கவர்மெண்ட் போர்ட்டல்ல ஏறணும். மருந்தைக் கொட்டினா நான்தான் பதில் சொல்லணும்."

"சரி, நானும் என் வீட்டுக்காரியும் ரெண்டு பேர். இன்னும் மூணு பேரைப் பிடிக்கறேன்."

"நீங்க பூஸ்டர் போட்டாச்சா?"

நெஞ்சு நிமிர்ந்தது. "ஆரம்பிச்ச அன்னைக்கே போட்டுட்டேன்!"

"அப்ப நீங்க ஆக மாட்டீங்க சார். ரெண்டு ஊசி மட்டும் போட்டு, மூணாவது போடாதவங்களாப் பாத்துக் கூட்டிட்டு வாங்க. மத்தவங்களைப் போர்ட்டல் எடுக்காது."

அன்றைக்கு நான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்ற படம் குடும்பக் குரூப்பில் இன்னும் இருக்கிறது. 'கடமை முடிந்தது' என்று கீழே எழுதியிருந்தேன். என் மனைவிக்கு அப்போதுதான் ட்ரிப் ஏற்றியிருந்தார்கள், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டோம். அந்தப் பிறகு வரவே இல்லை. ஆக, ஊசி தேவைப்படுகிறவள் ஒருத்தி. அவளுக்குத் துணையாகச் சோம்பேறிகள் நாலு பேர் வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாகச் சுறுசுறுப்பாக இருந்ததற்காக என்னைக் கழித்துக்கட்டியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து விசாரிக்க ஆரம்பித்த பிறகுதான் இதன் முழு அழகு தெரிந்தது. ஊசி வேண்டும் என்கிற ஆள் எல்லாம் மூன்றையும் போட்டு முடித்திருந்தார். போடாத ஆள் எல்லாம், வேண்டாம் என்பதால்தான் போடாமல் இருந்தார். "அக்கம்பக்கத்துல நல்ல சோம்பேறியா இருந்தா சொல்லுங்க" என்று நான் கேட்டால், எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

இதில் என் மனைவி ஒரு கட்டளை வேறு போட்டாள். "என் கையைக் காட்டி ஆள் சேக்காதீங்க. பாவம்னு யாரும் எனக்காக வர வேண்டாம். ஊசி அவங்கவங்களுக்கும் நல்லதுதானே, அதைச் சொல்லிக் கூப்பிடுங்க."

அதைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு ஈ கூட வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கூட்டம் சேர்க்கிற வித்தை ஒன்றை என் கூண்டிலிருந்தே தினமும் பார்த்திருக்கிறேன். காலி வண்டியில் யாரும் ஏற மாட்டார்கள். எப்போது கிளம்புமோ என்று பயம். அதனால் தனியார் பஸ்காரர்களும் ஷேர் ஆட்டோக்காரர்களும் தங்கள் கூட்டாளிகளையே மடியில் ஒரு பையோடு ஜன்னலோரம் உட்காரவைப்பார்கள். "ஒரே ஒரு சீட்டு, ஒரே சீட்டு, ஏறினா கிளம்பிடும்!" என்று கத்துவார்கள். ஓடிவந்து ஏறுவார் ஒருவர். உடனே ஜன்னலோரப் பயணி ஒருவர் பைசகிதம் இறங்கி டீக்கடைக்குப் போய்விடுவார். அடுத்த ஆளுக்கும் அதே ஒரே சீட்டு.

முதலில் எதிர் வீட்டு மாமி. கோயில் கைங்கரியக் குடும்பம். இரண்டு ஊசி போட்டிருந்தார். மூன்றாவதை நல்ல நாள் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்ததில் காலம் ஓடிவிட்டது.

"மாமி, நாலு பேர் ரெடி. ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி. ஒங்க ஞாபகம்தான் வந்துச்சு."

"அப்படியா? நன்னாருக்கே! எம்பெருமானே பார்த்து எனக்குன்னு ஒண்ணு வச்சிருக்கான். ஆனா அத்யயன உத்ஸவம் நடக்கறதே. ஏகாதசியிலேர்ந்து பத்து நாள் ராப்பத்து முடியாம நான் கையில ஊசி போட்டுண்டு படுத்துக்க மாட்டேன். நம்பெருமாள் சேவையை விட முடியுமோ?"

"முடிஞ்சதும்?"

"முடிஞ்சதும் வரேன். ராகு காலம் மட்டும் இல்லாம பார்த்துக்கோங்கோ."

அடுத்தவர் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஆட்டோக்காரர். ஸ்ரீரங்கத்துக்கும் சத்திரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டாவது ஊசியில் காய்ச்சல் வந்து இரண்டு நாள் சவாரி போனதிலிருந்து மூன்றாவதின் பேச்சையே எடுக்காதவர்.

"தம்பி, நாலு பேர் ஏறியாச்சு. ஒரு சீட்டு பாக்கி."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காதைச் சொறிந்தார். "ஏறியாச்சாண்ணே?"

"ஏறியாச்சு."

"சரிண்ணே. காலைல ஸ்கூல் சவாரி இருக்கு. பதினோரு மணிக்கு மேல வச்சுக்குங்க. எல்லாரையும் நானே கூட்டிட்டுப் போயிடறேன்."

மூன்றாவது, என் மச்சான். மனைவியின் தம்பி. உப்பிலியபுரத்தில் மரவள்ளி போடுகிறான். ஆறடி உயரம். வயலில் பாம்பு வந்தால் வாலைப் பிடித்துச் சுழற்றி வரப்புக்கு அந்தப் பக்கம் போடுவான். ஊசியைக் கண்டால் மட்டும் சாய்ந்துவிடுவான். இரண்டு ஊசிக்கும் இரண்டு தடவை நர்சின் மேலேயே சாய்ந்தான். 'அக்காவுக்காக வா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பான். அது கட்டளைக்கு விரோதம். அதைவிட, விசில் ஊதிப் பழகின வாய்க்கு நேராகப் பேச வராது.

"மச்சான், ஒரே ஒரு சீட்டு..."

"மாமா, அந்த சீட்டுல வேற யாரையாச்சும் உக்கார வைங்க மாமா."

"ஊசியே இல்லடா இந்த ஊசில. துப்பாக்கி மாதிரி ஒண்ணைத் தோல்ல வச்சு அழுத்துவாங்களாம். சிஸ்டர் சொன்னாங்க. மருந்து தானா உள்ள போயிடுமாம்."

"துப்பாக்கியா?" என்றான். குரல் இன்னும் இறங்கிப்போயிருந்தது. ஆனால் ஆறடி ஆள் துப்பாக்கிக்கு பயந்தேன் என்று வெளியே சொல்ல முடியாது பாருங்கள். ஒப்புக்கொண்டான்.

நாலாவது, காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் பாய். என் கூண்டுக் காலத்திலிருந்து பழக்கம். அவருடைய மூட்டைகள் பஸ் மேலே ஏறும்வரை நான் விசிலை வாயிலேயே வைத்திருப்பேன். ஊரெல்லாம் மூன்றாவது ஊசி போட்டுக்கொண்ட சமயத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்து அது விட்டுப்போயிருந்தது.

"என்ன டைம் சார், இந்தப் பக்கம்? கத்தரிக்காய் வாங்கப் போறீங்களா? வேணாம் சார், தங்கச்சி பாவம்."

மூட்டை சுமக்கிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி, வெங்காயச் சருகு மூக்கில் ஏற, அதே பாட்டைப் பாடினேன். நாலு பேர் தயார், ஒரே சீட்டு.

"ஒரே சீட்டா?" என்று யோசித்தார். "வெள்ளிக்கிழமை வேணாம், தொழுகை. திங்கக்கிழமை லோடு. மத்த நாள்னா இன்ஷா அல்லாஹ் பாக்கறேன்."

அன்றைக்கு ராத்திரி நாலு பேருடைய நிபந்தனையையும் ஒன்றாக வைத்து ஓட்டிப்பார்த்தேன். ராப்பத்து முடிந்திருக்க வேண்டும், ராகு காலம் ஆகாது, வெள்ளியும் திங்களும் கூடாது, மச்சானுக்கு மரவள்ளி லாரி வராத நாள், ஸ்கூல் சவாரிக்குப் பிறகு, சிஸ்டரின் டூட்டி முடிகிற ஒரு மணிக்கு முன்னால், குப்பியின் தேதி முடிவதற்குள். திருச்சி ஜில்லாவின் அத்தனை பஸ்ஸுக்கும் ஒரே பிளாட்பாரம் கொடுத்தால்கூட இதைவிட லேசாக முடித்திருப்பேன். மிஞ்சியது ஒரே ஒரு வியாழக்கிழமை.

அந்த வியாழனுக்காகக் காத்திருந்த நாட்கள்தான் நீளம். மாமி தினமும் சேவித்துவிட்டு வந்து பிரசாதத்தை வாசலில் வைத்துவிட்டு, "இன்னிக்குப் பெருமாளுக்கு ரத்னாங்கி, கண் கொள்ளாது" என்பார். உள்ளேயிருந்து என் மனைவி மாஸ்க்கோடு தலையை ஆட்டுவாள். தெருவில் வெளியூர்க் கூட்டம் கோயிலுக்கு நெரிந்துகொண்டு போகும். ஒவ்வொரு தும்மலுக்கும் நான் பால்கனிக் கதவைச் சாத்துவேன், அவள் திறப்பாள்.

கை நாளுக்கு நாள் மோசமானது. தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் போனது. பிறகு ரவிக்கைக் கொக்கி. ஒரு காலையில் சீப்பு கீழே விழுந்த சத்தம் கேட்டுப் போனேன். குனிந்து எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் பின்னிவிடுங்க" என்றாள்.

நான் அதுவரை மூட்டை கட்டுவதைத் தவிர எதையும் கட்டியதில்லை. மூன்றாகப் பிரித்தேன். நடுவில் எப்படியோ நாலாகிவிட்டது. அவள் கண்ணாடியில் பார்த்தாள்.

"பஸ் மேல கீரைக்கட்டு ஏத்தின மாதிரி இருக்கு."

சிரித்தோம். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "போதுங்க. என்னால முடியல. ஊசியும் வேணாம் ஒண்ணும் வேணாம், ட்ரிப்பையே ஏத்தச் சொல்லுங்க. இன்னும் ஆறு மாசம் உள்ள இருந்துட்டுப் போறேன். பழகினதுதானே."

சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ" என்று மட்டும் சொன்னேன்.

"வியாழக்கிழமை வரைக்கும்தான். அன்னைக்கும் உங்க வண்டி கிளம்பலன்னா, வெள்ளிக்கிழமை ட்ரிப். அதுக்கு மேல நீங்க விசில் ஊதக் கூடாது."

புதன்கிழமை சாயங்காலம் எனக்கு இருமல் வந்தது.

நாலு பேரைச் சேர்க்க மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட், சந்து என்று அலைந்தவன் நான்தானே. வீட்டிலேயே சோதிக்கிற பெட்டி ஒன்று இருந்தது. மூக்கைக் குடைந்து பார்த்தேன். ஒரே கோடு, அப்படியென்றால் இல்லை என்று அர்த்தம். வெற்றிப் புன்னகையோடு நீட்டினேன்.

"கோடு ஒண்ணோ ரெண்டோ, எனக்குத் தெரியாது. பின் ரூமுக்குப் போங்க" என்றாள். "நாளைக்கு நீங்க வர வேண்டாம்."

"நான் வராம எப்படி? யார் யார் எங்கன்னு எனக்குத்தானே தெரியும்?"

"உங்களுக்கு என்ன ஊசியா போடறாங்க? டைம் கீப்பர் பஸ்லயா போவாரு? கூண்டுலதானே இருப்பாரு?"

பின் அறையோடு ஒட்டிக் குளியலறை உண்டு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அந்தச் சுவரில் ஒரு குழாய். வியாழன் காலை இட்லி, காபி, பிளாஸ்க் எல்லாம் உள்ளே வந்தன. பத்தே முக்காலுக்கு எதிர் வீட்டு மாமியின் குரல் கூடத்தில் கேட்டது.

"இவரை நம்ப முடியாது மாமி. நாம போனதும் பின்னாடியே பஸ் பிடிச்சு வந்து ஆஸ்பத்திரியில இருமிக்கிட்டு நிப்பாரு" என்றாள் என் மனைவி.

"அதுக்கென்ன, தாப்பாளைப் போட்டுட்டாப் போச்சு" என்றார் மாமி. உடனே கிரீச்சென்று ஒரு சத்தம். அந்தத் தாழ்ப்பாள் மழைக்காலத்திலிருந்தே இறுகிக்கிடந்தது. எண்ணெய் விடு, எண்ணெய் விடு என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். விடுகிறேன், விடுகிறேன் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆட்டோ கிளம்பிய சத்தம் கேட்டது. என் விசில் இல்லாமலே கிளம்பியது.

அப்புறம் நானும் குழாயும். எங்கே போயிருப்பார்கள் என்று மனசுக்குள் ஓட்டினேன். மாம்பழச் சாலை கூட்டம், காவிரிப் பாலம், சத்திரத்தில் மச்சான் ஏறியிருப்பான். அவனாவது வந்தானா? மாமி வழியில் சகுனம் ஏதாவது பார்த்துத் தொலைத்தாரா? அறையில் அங்குமிங்கும் நடந்தால் நாலு எட்டில் சுவர் வந்தது. இந்த வீட்டில் இரண்டு மூன்று வருஷமாக ஒருத்தி இப்படித்தான் நடந்துகொண்டிருந்தாள் என்று அன்றைக்குத்தான் என் மரமண்டையில் இறங்கியது. நான் என்ன செய்தேன்? புழுக் கத்தரிக்காய் வாங்கிக் கொடுத்தேன்.

பதினொன்றரைக்கு போன் வந்தது. அவள்தான்.

"என்னங்க, நாங்க நாலு பேரும் வந்துட்டோம். உங்க பாயைக் காணோம். போன் போட்டாலும் எடுக்க மாட்டேங்கறாரு. ஒரு மணிக்குள்ள அஞ்சு பேர் இருந்தாத்தான் திறப்பேங்கறாங்க சிஸ்டர். அப்புறம் இன்னொண்ணு. வண்டியில வரும்போது மாமி, 'உங்காத்துக்காரர் என்னைக் கடைசி சீட்டுன்னார்'னு சொன்னாங்க. 'என்னையும்தாங்க'ன்னாரு ஆட்டோ தம்பி. 'எனக்கும் அதான்'ங்கறான் என் தம்பி. என்னங்க இது?"

பின்னால் ஆட்டோக்காரரின் குரல் கேட்டது: "எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. நான் தெனமும் சத்திரத்துல கத்தறதை எங்கிட்டயே வந்து சொன்னாரு. பாவம், ஆசையாச் சொல்றாரேன்னு விட்டுட்டேன்."

எனக்கு முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை. நல்லவேளை, குழாய்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பாய்க்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியது. கதவைத் தள்ளிப்பார்த்தேன். வியாழக்கிழமை வரைக்கும்தான் என்று அவள் சொன்னது காதில் ஓடியது. நானாக இருந்தால் மண்டிக்கே ஓடி மூட்டையோடு தூக்கிவந்திருப்பேன். மாமி போட்ட தாழ்ப்பாள், என் அலட்சியத்தின் துரு. எத்தனையாவது தடவையோ தெரியாது, பாய் எடுத்தார். பின்னால் ஒரே மார்க்கெட் இரைச்சல்.

"டைம் சார்! போன் கல்லாவுல கிடந்துச்சு. சொல்லுங்க."

"என்ன பாய், இன்னைக்கு வியாழக்கிழமை!"

"ஆமா சார், பெரம்பலூர் லோடு முன்கூட்டியே வந்துருச்சு."

"ஊசி, பாய்! ஊசி!"

"அதுவா? நீங்கதான் ஒரே ஒரு சீட்டுன்னு சொன்னீங்களே சார். இருக்கறதே ஒண்ணு, நம்மளவிட முடியாதவங்க யாராச்சும் இருப்பாங்க, அவங்க போட்டுக்கட்டும்னு விட்டுட்டேன். உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், லோடுல மறந்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

என் வித்தையில் இப்படி ஒரு ஓட்டை இருக்கும் என்று எந்த பஸ் ஸ்டாண்டும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒரே சீட்டு என்றால் ஓடிவந்து ஏறுகிறவனைப் பார்த்திருக்கிறேன். ஒரே சீட்டு என்றால் அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கீழே நிற்கிற ஆளைப் பார்த்ததில்லை.

"பாய்" என்றேன். இருமல் வந்தது. முடியும்வரை பொறுத்தார். "அன்னைக்கு சொன்னது பொய். அத்தனை சீட்டும் காலியாத்தான் இருந்துச்சு. இப்ப நெஜமாவே ஒரு சீட்டு. நீங்க வரலன்னா குப்பியைத் திறக்க மாட்டாங்க. ஊசி என் வீட்டுக்காரிக்கு. அவ கை முடங்கிட்டு வருது. இதைப் போட்டாத்தான் அதுக்கு வைத்தியம். ஒரு மணிக்கு சிஸ்டர் போயிடுவாங்க."

அந்தப் பக்கம் கல்லாவை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"தங்கச்சிக்கா?" என்றார். "யோவ், இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்னய்யா? அதை விட்டுட்டு சீட்டு, பிளாட்பாரம்னு கதை அடிச்சுக்கிட்டு!"

இத்தனை வருஷத்தில் பாய் என்னை 'யோவ்' என்றது அன்றைக்குத்தான். பதில் சொல்வதற்குள் போன் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் அடிக்கவில்லை. பயம். பன்னிரண்டே முக்கால் ஆனது. ஒரு மணி ஆனது. அது தாண்டியும் போன் அசையவில்லை. சுவரில் ஆணியில் என் பழைய விசில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றரைக்கு மேல் அவளிடமிருந்து ஒரு வரி வந்தது: 'போட்டாச்சு.'

எழுந்து நின்று விசிலை ஊதினேன். சத்தம் வரவில்லை, இருமல்தான் வந்தது.

வீட்டுக்கு அவள் உடனே வரவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குத்தான் ஆட்டோ சத்தம். படியேறும் செருப்பு, மாமி தன் வீட்டுக் கதவைத் திறக்கும் சத்தம், பிறகு கூடத்தில் ஒரு பை வைக்கும் சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல. நீ சொல்லு."

சொன்னாள். பாய் டி.வி.எஸ். வண்டியில் வெங்காயச் சருகு அப்பிய சட்டையோடு வந்து நின்றாராம். வந்ததும் முதல் வார்த்தையாக, "மன்னிச்சுக்கம்மா, உங்க வீட்டுக்காரர் பேச்சை நம்பிட்டேன்" என்றாராம். ஆட்டோ தம்பியும் மாமியும் போட்டுக்கொண்டு எழுந்தார்களாம். மச்சான் துப்பாக்கி 'டப்' என்றதும் சாய்ந்தானாம். அவனுக்குப் போடவில்லை, அது மாமிக்குப் போட்ட சத்தம். சிஸ்டர் தெளிய வைத்துப் போட்டு முடிக்க நேரமாகிவிட்டதாம்.

"வலிச்சுதா?"

"என் கை வலிக்கு முன்னாடி அதெல்லாம் ஒரு வலியா? டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன். தை கடைசியில ட்ரிப் வச்சுக்கலாம்னாரு."

"அதுவரைக்கும் தாங்குவியா?"

"தெரியல" என்றாள். பிறகு பை சரசரத்தது. "வழியில ஒரு தள்ளுவண்டி. ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். கத்தரிக்காய் வாங்கினேன். கையால எடுக்க வரல, வண்டியில உக்காந்தபடியே இது, அது, அந்த மூலையில இருக்கறதுன்னு விரலைக் காட்டினேன். அந்தம்மா எடுத்துப் போட்டாங்க. ஒண்ணுல கூடப் புழு இல்ல."

"வெட்டிப் பாத்தாத்தானே தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"சரி, கதவைத் திற. வாசப்படியில நின்னு பாத்துட்டு உள்ள போயிடறேன்."

நாற்காலி நகர்ந்தது. தாழ்ப்பாளில் விரல் படுகிற சத்தம் கேட்டது. அழுத்தினாள். மூச்சு வாங்கினாள். முழங்கையால் தள்ளிப்பார்த்தாள் போலிருக்கிறது, கதவு அதிர்ந்தது. தாழ்ப்பாள் அசையவில்லை. நான் இந்தப் பக்கம் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். மாமியைக் கூப்பிடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வரலங்க" என்றாள் அவள். சிரித்துக்கொண்டே சொல்கிறாளா, அழுதுகொண்டே சொல்கிறாளா என்று மரக்கதவு வழியாகத் தெரியவில்லை. "ட்ரிப் ஏத்திட்டு வந்து திறக்கறேன். அதுவரைக்கும் உள்ளயே இருங்க. பழகிடும்."